ஒற்றை மாதிரி ஊர்திகளும் அவற்றின் அரங்கேற்றமும்

ஒரு நூலை இயற்றுதல் ஒரு தொழில்; அதனை அரங்கேற்றுதல் பிறிதொரு தொழில். முற்காலத்துப் புலவர் தம் நூலை அவையோர் முன்னிலையிற் படித்துப் பொருள் விரித்ததோடு அமையாது, அவையிலுள்ளார் எழுப்பிய தடைகளுக்கு விடையும் கூறினர். அவ்வாறு விடை கூறி நிலைபெற்ற பின்னரே நூல் நூலென ஏற்கப்பெற்றது. பந்தலின் அழகும் படித்தவரின் குரலினிமையும் அவ்விடைக்கு ஈடாகக் கொள்ளப்படவில்லை. இவ்வளவுகோல் இலக்கியத்திற்கு மட்டும் உரியதன்று. மனிதன் புதிதாகப் படைத்து ஊரார் முன் வைக்கும் எப்பொருளையும் இதனால் அளக்கலாம். மோட்டார்த் தொழிலுலகிற் காலந்தோறும் தோன்றும் ஒற்றை மாதிரி வண்டிகளை இவ்வளவுகோல் கொண்டு நோக்குதல் பயனுடைத்து.

மோட்டார் நிறுவனங்கள் விற்பனைக்கென ஒரேவகை வண்டிகளை ஆயிரக்கணக்கிற் செய்கின்றன. அவற்றினின்றும் வேறாக, ஒன்றே ஒன்றாகவோ இரண்டு மூன்றாகவோ செய்து கண்காட்சியில் நிறுத்தும் வண்டிகளும் உள. புதிய வடிவத்தையோ பொறியையோ ஆராய்தல், மக்கள் விருப்பத்தை அறிதல், நிறுவனத்தின் பெருமையைப் பறைசாற்றுதல் என்பன அவற்றின் நோக்கங்கள். இம்மூன்றும் ஒரே வண்டியிற் கலந்து நிற்பதால் ஆராய்ச்சி எது, விளம்பரம் எது என்று பிரித்தறிதல் எளிதன்று. அமெரிக்கர் இவற்றைக் கனவு வண்டிகள் என்றனர். பெயர் அழகியதே, ஆயினும் கனவென்று பெயரிட்ட பொருளை எவரும் கூர்ந்து உசாவுவதில்லை.

இவற்றைப் பற்றி எழுதுவோருள் ஒருசாரார் வடிவின் அழகை நோக்கித் தீர்ப்பளிப்பர். மற்றொருசாரார், வருங்காலத்தை அவ்வண்டி எத்துணைச் சரியாக முன்னுரைத்தது என்று நோக்குவர். முதலாவது தீர்ப்புச் சிற்பத்திற்குப் பொருந்தும். இரண்டாவது சோதிடத்திற்குப் பொருந்தும். ஊர்தியோ மனிதரைச் சுமந்து வீதியிற் செல்லவேண்டிய பொருள். ஆதலின் அது எழுப்பிய வினா யாது, அவ்வினாவுக்கு விடை காணுமாறு தன்னைச் சோதனைக்கு உட்படுத்திற்றா என்னும் இரண்டுமே அதன் மதிப்பைத் துணிவன. அவ்விடை ஆம் என்றே அமைதல் வேண்டுமென்பதில்லை. இல்லை என்று கண்டறிந்து கூறுவதும் அறிவின்பாற்பட்டதே.

இவ்வகை வண்டிகளுள் முதலாவதெனப் பலரும் கொள்வது ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனத்தார் 1938 ஆம் ஆண்டில் உருவாக்கிய பியூக் வை-ஜொப் ஆகும். அந்நிறுவனத்தின் வடிவமைப்புப் பகுதிக்குத் தலைவராயிருந்த ஹார்லி ஏர்ல் அதன் கருத்தா. அக்காலத்து வண்டிகள் உயர்ந்து நின்றன. இருமருங்கும் ஏறுவதற்கு மிதிபலகைகள் இருந்தன. முன்விளக்குகள் வெளியே துருத்தி நின்றன. ஏர்ல் மிதிபலகையை நீக்கினார். வண்டியைத் தாழ்த்தி நீட்டினார். முன்விளக்குகளை மின்விசையால் மூடித் திறக்குமாறு உடலினுள் மறைத்தார். சாளரக் கண்ணாடிகளையும் மின்விசையால் ஏறி இறங்கச் செய்தார். இவையனைத்தினும் குறிப்பிடத்தக்கது, அவர் அவ்வண்டியை மேடையிலே விட்டுவிடாது பல ஆண்டுகள் தமது சொந்தப் போக்குவரத்திற்குப் பயன்படுத்தினார் என்பதே. வெயிலும் மழையும் வீதியின் மேடுபள்ளமும் அவ்வண்டியை உசாவின. அதிற் காணப்பட்ட கூறுகள் பல, போருக்குப் பின் வந்த அமெரிக்க வண்டிகளில் இயல்பாகவே இடம்பெற்றன.

போர் முடிந்தபின் அந்நிறுவனமே இக்கலையைப் பெருந்திருவிழாவாக்கிற்று. மோட்டோரமா என்னும் பெயரால் 1961 வரை இடையிட்டு நடந்த காட்சிகளில் இசையும் நடனமும் சூழ வண்டிகள் மேடையேறின. 1954 இல் நியூயோர்க் நகரக் காட்சியில் வைக்கப்பட்ட முதலாவது பயர்பேர்ட், ஊசி போன்ற மூக்கும் நிமிர்ந்த வாலும் ஒருவர் மட்டும் அமரத்தக்க கண்ணாடிக் குமிழும் உடையதாய்ச் சில்லுப் பூட்டிய போர்விமானம் போலவே தோன்றிற்று. அதனுள்ளே 370 குதிரைவலுவுடைய வாயுச்சுழலிப் பொறி இருந்தது. வாயுச்சுழலியாவது, அமுக்கிய காற்றில் எரிபொருளை எரித்து, விரியும் வெப்பவாயுவினால் அலகுகள் பொருந்திய சக்கரத்தைச் சுழலச் செய்யும் பொறி. விமானத்தில் வெற்றி கண்ட அப்பொறியை வீதிக்குக் கொண்டுவரலாமா என்பது நல்ல வினா. பிரித்தானியாவின் ரோவர் நிறுவனத்தார் 1950 இலேயே ஜெற்-1 என்னும் வண்டியில் அதனைப் பொருத்தி ஓட்டிக் காட்டினர். 1952 இல் அது பெல்ஜிய நாட்டு வீதியொன்றில் மணிக்கு 150 மைலுக்கு மேற்பட்ட வேகத்தை எய்திற்று.

பயர்பேர்டின் கழிவாயு ஏறத்தாழ 677 பாகை செல்சியசு வெப்பத்துடன் வெளியேறிற்று. நெருக்கமான வீதியிற் பின்னே வருவோரின் நிலை யாதாகும் என்ற தடை உடனே எழுகின்றது. 1956 இன் இரண்டாவது பயர்பேர்ட் அத்தடைக்கு ஒரு விடை கூறிற்று. கழிவாயுவின் வெப்பத்தை மீட்டு, உட்செல்லும் காற்றைச் சூடாக்கும் உறுப்பொன்றை அதன் பொறியியலாளர் அமைத்தனர். அதனால் வெளியேறும் வெப்பம் தணிந்ததோடு எரிபொருளும் மீதமாயிற்று. இது மெய்யான ஆராய்ச்சி. ஆயினும் மேடையில் முதன்மை பெற்றது பிறிதொன்று. 1976 இல் ஒரு குடும்பம், சாரதியின் கைபடாது தானே செல்லும் வண்டியிற் பெருந்தெருவழியே பாடிக்கொண்டு போவதாக அமைந்த திரைப்படம் அவ்வாண்டு காட்டப்பட்டது. 1976 வந்தது, சென்றது; அத்தெருவோ வரவில்லை. 1959 இற் காட்டப்பட்ட மூன்றாவது பயர்பேர்டில் ஏழு சிறகுகள் இருந்தன. சுக்கானுக்குப் பதிலாக ஒரு சிறு கைத்தண்டு இருந்தது. பொறியியலாளர் கேட்ட வினா ஒன்றாக, மேடை அறிவித்த செய்தி மற்றொன்றாயிற்று. பயர்பேர்ட் வண்டிகளின் குறைபாடு இப்பிளவிலேயே உளது.

இப்பிளவு, போர்டு நிறுவனத்தார் 1950 களின் பிற்பகுதியில் வெளியிட்ட நியூக்கிளியன் என்னும் படைப்பில் எல்லை கடந்தது. வண்டியின் பின்புறத்தே ஒரு சிறிய அணுவுலை இருக்கும் என்றும், ஒருமுறை எரிபொருளிட்டால் 8,000 கிலோமீற்றர் வரை செல்லும் என்றும் கூறப்பட்டது. ஆனாற் செய்யப்பட்டது முழுவண்டியன்று. எட்டில் மூன்று பங்கு அளவினதான உருவம் மட்டுமே. கதிர்வீச்சைத் தடுக்கும் கவசத்தின் பாரம் எவ்வளவு, இரு வண்டிகள் மோதினால் உலை யாதாகும் என்னும் முதல் வினாக்களுக்கு விடை காணுமுன்னரே உருவம் நிறைவெய்திவிட்டது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழமொழி. இங்கே ஏட்டில் இருந்ததும் சுரைக்காயின் படமே.

1955 இல் தோன்றிய லிங்கன் பியூச்சுராவின் வரலாறும் இவ்விடத்து நினையத்தக்கது. இத்தாலியிலுள்ள தூரின் நகரத்துக் கியா பட்டறையில் ஏறத்தாழ 2,50,000 டொலர் செலவில் உருவான அவ்வண்டி, பின்னாளில் ஒரேயொரு டொலருக்குக் கைமாறிற்று. 1966 இற் தொடங்கிய பாற்மன் என்னும் தொலைக்காட்சி நாடகத்திற் கதைத்தலைவனின் ஊர்தியாக வேடம் புனைந்தது. 2013 இல் ஏலத்தில் நாற்பது இலட்சம் டொலருக்கு மேல் விலைபோயிற்று. நாடகத்திற்கு வேண்டிய ஒப்பனை அதனிடம் முன்னரே நிரம்ப இருந்தமையால், மாற்றவேண்டியது அதிகமிருக்கவில்லை.

ஒரே உறுப்பு ஓரிடத்தில் வெற்றொப்பனையாகவும் மற்றோரிடத்தில் விடையாகவும் அமைதல் கூடும் என்பதைச் சிறகைக் கொண்டே விளக்கலாம். அமெரிக்கக் கடிலாக் வண்டியில் 1948 இற் சிறிதாக முளைத்த வாற்சிறகு, போர்விமானமொன்றின் வாலைக் கண்டு எழுந்த ஆசையாற் பிறந்தது. ஆண்டுதோறும் வளர்ந்து 1959 இல் உச்சத்தை அடைந்தது. அதன் உயரத்திற்குக் காற்றியல் காரணம் எதுவும் இல்லை. பொருளைத் தாங்காத அணி செய்யுளிற் பாரமாவது போல அது வண்டியிற் பாரமாயிற்று.

அதே காலத்தில் இத்தாலியிற் பெர்த்தோனே பட்டறையைச் சேர்ந்த பிராங்கோ ஸ்காலியோனே என்பாரும் சிறகுடைய வண்டிகளை வரைந்தார். அவர் விமானப் பொறியியல் பயின்றவர். இரண்டாம் உலகப் போரில் வட ஆபிரிக்காவிற் பிரித்தானியராற் சிறைப்பட்டு இந்தியாவின் யோல் முகாமில் இருந்து, 1946 இல் நாடு திரும்பியவர். அல்பா ரோமியோ 1900 வண்டியின் அடிச்சட்டத்தின்மீது அவர் அமைத்த பாற்-5, பாற்-7, பாற்-9 என்னும் மூன்று வண்டிகள் 1953, 1954, 1955 ஆகிய ஆண்டுகளில் முறையே தூரின் கண்காட்சியில் வைக்கப்பட்டன. வேகமாகச் செல்லும் வண்டியின் பின்னே காற்று சுழித்து அதனைப் பின்னோக்கி இழுக்கின்றது. அச்சுழிப்பை உடலின் வடிவினாலேயே எவ்வளவு குறைக்கலாம் என்பதே அவ்வண்டிகளின் வினா. உள்நோக்கி வளைந்த அவற்றின் சிறகுகள், பக்கங்களில் ஓடிவரும் காற்றைப் பிரிந்து சிதறாது பின்னே கொண்டுசேர்க்கும் பொருட்டு அமைந்தன.

இவ்வினாவுக்கு எண்ணால் விடை கூறலாம். காற்றுத்தடையை அளக்கும் இழுவைக் குணகம் அக்காலத்துச் சாதாரண வண்டிகளுக்கு 0.4 இற்கு மேற்பட்டிருந்தது. பாற்-5 இற்கு அது 0.23 என்றும், பாற்-7 இற்கு 0.19 என்றும் கூறப்படுகின்றது. ஏறத்தாழ 100 குதிரைவலுவே உடைய பொறியுடன் பாற்-5 மணிக்கு 200 கிலோமீற்றர் வேகத்தை எய்திற்று என்பதும் கருதத்தக்கது. கடிலாக்கின் சிறகை அறுத்தெறிந்தால் வண்டி வண்டியாகவே இருக்கும். பாற்-7 இன் சிறகை அறுத்தால் அதன் கருத்தே அழிந்துபோம். மூன்றும் 2020 இல் ஒரே தொகுதியாக ஏலத்தில் ஒரு கோடி நாற்பத்தெட்டு இலட்சம் டொலருக்கு விலைபோயின. அவற்றின் அழகுக்கு உலகம் தந்த விலை அது. அவ்வழகு வினாவினின்றே பிறந்ததென்பதை விலை உரைப்பதில்லை.

இதுகாறும் கூறியவை பணத்தையும் வேகத்தையும் பற்றியன. உயிரைப் பற்றிய வினா எழுமிடத்துத் திறனாய்வு இன்னும் கடுமையாதல் வேண்டும். அமெரிக்கரான பக்மின்ஸ்டர் புல்லர், கப்பல் வடிவமைப்பாளரான ஸ்டார்லிங் பர்ஜஸ் துணையுடன் 1933 இல் டைமாக்சியன் என்னும் வண்டியை உருவாக்கினார். மூன்றே சில்லுகள், முன்னிரு சில்லுகள் இழுக்க, பின்னொரு சில்லு திசைதிருப்பும். ஏறத்தாழ ஆறு மீற்றர் நீளமும் மழைத்துளி போன்ற உருவமும் உடைய அது பதினொருவரை ஏற்றவல்லது. சிறிய பொறியைக் கொண்டு பலரைச் சுமத்தல் கூடுமா என்ற அதன் வினா பொதுநலம் வாய்ந்தது. நின்ற இடத்திலேயே சுழன்று திரும்புவது போல நகரத் தெருவில் அது காட்டிய திறமையும் வியப்பை விளைத்தது. ஆனாற் பின்சில்லாற் திருப்பப்படும் வண்டி, திரும்பும்போது தன் வாலை எதிர்ப்புறம் வீசும்; வேகம் மிகுந்தவிடத்தும் பக்கக்காற்று அடிக்குமிடத்தும் அதனை நேர்வழியில் நிறுத்துதல் அரிது.

அவ்வாண்டு ஒக்டோபர் 27 ஆந் தேதி சிக்காகோவில் நடந்த உலகக் காட்சியின் வாயிலருகே முதலாவது டைமாக்சியன் கவிழ்ந்தது. சாரதி உயிரிழந்தார், உள்ளிருந்தோர் காயமுற்றனர். வேறொரு வண்டியும் அவ்விபத்திற் தொடர்புற்றிருந்தமையாற் பழி முழுவதையும் வடிவத்தின்மேற் சுமத்துதல் நீதியன்று. எனினும் தடைவிடை முற்றுப்பெறாத பொருளொன்றை மக்கள் கூடும் வாயிலுக்குக் கொண்டுசென்றமை குற்றமே. மூன்று வண்டிகளோடு அம்முயற்சி நின்றுபோயிற்று. நல்ல வினாவும், அதற்குரிய சோதனைக்களத்தில் அல்லாது காட்சிக்களத்திற் கேட்கப்படுமாயின், கேட்டவருக்கும் கேளாதவருக்கும் கேடு பயக்கும்.

இதற்கு மறுதலையான கதை அரோரா என்னும் வண்டியினுடையது. கனெற்றிக்கட் மாநிலத்துக் கத்தோலிக்கக் குருவான அல்பிரட் ஜூலியானோ, விபத்தில் மனிதர் மாய்வதைக் குறைக்கும் வண்டியொன்றை உருவாக்க முனைந்து, 1957 இல் அதனை நிறைவேற்றினார். பழைய பியூக் வண்டியின் அடிச்சட்டத்தின்மீது கண்ணாடியிழையால் உடல் அமைத்தார். மோதலிற் தலை சென்று முட்டாதவாறு முன்கண்ணாடியை வெளியே புடைக்கச் செய்தார். இருக்கைப்பட்டி, பக்கமோதலைத் தாங்கும் சட்டம், மோதும்போது உள்வாங்கும் சுக்கான் தண்டு, வீதியில் நடப்போரை நசுக்காது ஏந்தும் மெத்தென்ற முன்பகுதி ஆகியவற்றை ஒருங்கே சேர்த்தார். ஆயினும் அழகின்மையில் அதற்கு நிகரான வண்டி அரிது. பத்திரிகையாளர் முன்னிலையிற் காட்டுவதற்காக நியூயோர்க் நோக்கிப் புறப்பட்ட நாளில் எரிபொருட் குழாய் அடைபட்டு வழியிற் பலமுறை நின்றது. பல மணிநேரம் தாழ்த்தே அங்குச் சேர்ந்தது. வாங்குவார் ஒருவரும் இலர். முயற்சி ஒரு வண்டியோடு முடிந்தது.

அழகை நோக்கும் திறனாய்வாளர் அரோராவை நகைத்து ஒதுக்குவர். ஆனால் அது கேட்ட வினாவை உலகம் நெடுங்காலம் தள்ளிவைக்க முடியவில்லை. 1959 இல் வொல்வோ நிறுவனத்தார் மும்முனை இருக்கைப்பட்டியைத் தம் வண்டிகளிற் பொருத்தினர். 1966 இல் அமெரிக்காவில் வண்டிப் பாதுகாப்புக்கான சட்டம் இயற்றப்பட்டது. அதனையொட்டிய ஆண்டுகளில் மோதலில் அமுங்கும் சுக்கான் தண்டும் அந்நாட்டு வண்டிகளில் இடம்பெற்றது. இவையெல்லாம் அரோராவைப் பார்த்துச் செய்யப்பட்டன என்று கூறுதல் பொருந்தாது. அவ்வினா உயிருள்ள வினாவாயிருந்தது என்பதற்கு மட்டும் இவை சான்றாகும். சிறகுகளுக்கு ஆரவாரித்த அதே பத்தாண்டு, உயிரைக் காக்கும் வினாவைக் கண்டு நகைத்தது. விடை கூறவந்த வண்டி வழியில் நின்றது ஒரு குறை. கேட்கவேண்டிய அவை செவிசாய்க்காதது அதனினும் பெருங்குறை.

வினாவும் சோதனையும் அவையும் ஒருங்கு பொருந்திய அரங்கேற்றம் ஒன்று உண்டெனின் அது கிறைஸ்லர் நிறுவனத்தாரின் சுழலி வண்டியே. பயர்பேர்ட் எழுப்பிய வினாவையே அவர்களும் எடுத்துக்கொண்டனர். ஆனால் மேடையை நம்பவில்லை. முன்மாதிரிகள் ஐந்தும் பொதுமக்களுக்கென ஐம்பதுமாக 55 வண்டிகள் உருவாயின. உடல்கள் தூரினில் கியா பட்டறையிற் செய்யப்பட்டன. 1963 ஒக்டோபர் தொடங்கி 1966 சனவரி வரை 203 பேருக்கு மும்மூன்று மாதம் வீதம் அவை கட்டணமின்றிக் கொடுக்கப்பட்டன. பெற்றோர் அவற்றிற் சந்தைக்கும் வேலைக்கும் சென்றனர். பத்து இலட்சம் மைலுக்கு மேல் அவை ஓடின.

விடைகள் இருபாலும் வந்தன. பொறி அதிர்வின்றி ஓடியது, பராமரிப்பு எளிதாயிருந்தது, தீசலும் மண்ணெண்ணெயும் ஏற்றது. மெக்சிக்கோ நாட்டுத் தலைவர் தம் நாட்டு மதுவாகிய தெக்கீலாவை ஊற்றி ஓட்டிய செய்தியும் உண்டு. ஆனால் அக்காலத்து விற்பனை நிலையங்களிற் பரவலாகக் கிடைத்த ஈயம் கலந்த பெற்றோலே அதற்கு ஒவ்வாததாயிற்று. மிதியை அழுத்தியபின் வண்டி பாய்வதற்கு ஒருகணம் தாழ்த்தது. எரிபொருட் செலவு மிகுந்தது. நிமிடத்திற்குப் பல்லாயிரம் முறை சுழலும் பொறியின் ஓசையைச் சிலர் வெறுத்தனர். முடிவிற் சுழலி சாதாரண வீதிவண்டிக்கு உகந்ததன்று என்பது தெளிவாயிற்று. 46 வண்டிகளை நிறுவனமே அழித்தது; ஒன்பது எஞ்சின. விற்பனைக்கு வராதமையால் இதனைத் தோல்வியென்பார் உளர். ஒரு வினாவை மக்களின் கையிற் கொடுத்து, அவர் கூறிய விடையை அது தமக்கு எதிராய் இருந்தவிடத்தும் ஏற்றுக்கொண்டமையைத் தோல்வியென்றல் ஆராய்ச்சியின் இயல்பை அறியாதார் கூற்று.

இங்கு ஒரு தடை எழுதல் கூடும். எல்லாவற்றையும் சோதனையால் அளப்பின் கற்பனைக்கு இடம் யாது என்பர். 1970 இல் தூரினிற் காட்டப்பட்ட லான்சியா ஸ்ட்ராட்டோஸ் சீரோ அவர்க்கு விடையாகும். மார்செல்லோ கந்தீனி பெர்த்தோனே பட்டறைக்காக வரைந்த அவ்வண்டியின் உயரம் 84 சென்ரிமீற்றர் மட்டுமே. அதற்குக் கதவில்லை, முன்கண்ணாடியைத் தூக்கி அதன்வழியே உட்புகுதல் வேண்டும். ஆப்பு வடிவினதாய் நிலத்தோடு ஒட்டிக்கிடந்த அதனைக் கற்பனையின் எல்லையென்றே கண்டோர் கருதினர். ஆயினும் அஃது ஓடும் வண்டி. பட்டறைத் தலைவரான நூச்சியோ பெர்த்தோனே அதனைத் தாமே வீதியில் ஓட்டிச் சென்று, லான்சியா தொழிற்சாலை வாயிலின் தடைக்கட்டையைத் தூக்கச் செய்யாமலே அதன் கீழாக நுழைந்தார் என்பர். அதன்பின் அவ்விரு நிறுவனத்தாரும் கூடி உருவாக்கிய ஸ்ட்ராட்டோஸ் பந்தயவண்டி 1974, 1975, 1976 ஆகிய மூன்றாண்டும் உலகத் தொலைப்பந்தயப் பட்டத்தை வென்றது. மிகத் துணிந்த கற்பனையும் சில்லூன்றி நடக்குமாயின் வழி திறக்கும் என்பது இதனாற் பெறப்படும்.

அண்மைக் காலத்திலும் இவ்வளவுகோல் பொருந்துகின்றது. மெர்சிடஸ் பென்ஸ் நிறுவனத்தார் 2022 இல் வெளியிட்ட விஷன் ஈ.கியூ.எக்ஸ்.எக்ஸ். என்னும் மின்வண்டியின் இழுவைக் குணகம் 0.17. ஏறக்குறைய எழுபது ஆண்டுகளுக்கு முன் ஸ்காலியோனே எழுப்பிய வினாவையே இன்று மின்கலத்தின் பொருட்டு மீண்டும் எழுப்புகின்றனர். காற்றுத்தடை குறையின் அதே மின்னில் வண்டி நெடுந்தூரம் செல்லும். அவ்வண்டி மேடையில் நின்றுவிடவில்லை. அவ்வாண்டு ஏப்ரிலில் ஜேர்மனியிலிருந்து பிரான்சின் தென்கரைவரை 1,008 கிலோமீற்றரும், ஜூனில் ஸ்ருற்கார்ட்டிலிருந்து இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் வரை 1,202 கிலோமீற்றரும், ஒவ்வொரு பயணத்தையும் ஒரேமுறை ஏற்றிய மின்னாலே பொதுவீதியிற் கடந்தது. கூற்றின் பக்கத்திலே அளவும் வந்து நின்றது.

எனவே ஒற்றை மாதிரி வண்டிகளின் வரலாறு அவற்றைச் செய்தோரின் வரலாறு மட்டுமன்று, கண்டோரின் வரலாறுமாம். அவை எதனைப் பாராட்டுகின்றதோ அதனையே செய்வோர் மேன்மேலும் செய்வர். சிறகுக்குக் கைதட்டிய காலத்திற் சிறகு வளர்ந்தது. பாதுகாப்பைக் கேட்ட காலத்திற் பாதுகாப்பு வளர்ந்தது. ஒளிவெள்ளத்திற் சுழலும் மேடைமீது புதிய ஊர்தியொன்றைக் காண்போர் அதன் வடிவைக் கண்டு வியத்தல் இயல்பே. வியந்தபின், இஃது எவ்விடத்து ஓடிற்று, யாரை ஏற்றி ஓடிற்று, எதனைக் கண்டு மீண்டது என்று வினவுதல் அவர்க்கு உரிய கடமையாகும். அவ்வினாவுக்கு நாணாது விடை கூறவல்ல வண்டியே அரங்கேறிய வண்டி.